பிடித்தது பேயா? மூளையின் பிணியா?

நமது நாட்டில் இருபது வயது வாலிபன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். கால் ஒடிந்தால் கட்டுக் கட்டுகிறவரிடம் தூக்கிப் போகிறார்கள். அதே வாலிபன், பக்கத்தில் ஒருவருமில்லாதபோது யாரோ தன்னோடு பேசுவதாகச் சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டு, சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டானேயானால், தாய் தகப்பன் முதல் தெருக்கோடிக் கிழவர் வரையில் எல்லோருக்கும் டாக்டர் மறந்துபோய்க் கோடாங்கி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறான். கோடாங்கி உடுக்கையை அடிக்கிறான். வேப்பிலையால் அடிக்கிறான். பிறகு சவுக்கால் அடிக்கிறான். அடி தாங்காமல் நோயாளி, "போய்விடுகிறேன், போய்விடுகிறேன்" என்று அலறினால், "பேசியது பேய்" என்று சொல்லித் தட்சணையை மடியில் கட்டிக்கொள்கிறான். போகாவிட்டால் பேய் பொல்லாத பேய் என்று கூலி கூடுகிறது. எப்படிப் பார்த்தாலும் கோடாங்கிக்கு நஷ்டமில்லை.

இந்தப் பேயின் யோக்கியதையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். நம் ஊரில் பிடிக்கிற பேய்க்கு ஜாதி இருக்கிறது. ஊருக்குள் குடியிருக்க விடாத ஜாதியாராய்ப் பார்த்துத்தான் பெரும்பாலும் செத்துப் பேயாகிறார்களாம்! உயிரோடிருக்கையில் தெருவில் நடக்கக் கூடாதவன், செத்த பிறகு வீட்டுக்குள் புகுந்து உடம்புக்குள்ளேயே ஏறிவிடுகிறானாம். அப்புறம் பேய்க்குப் பாஷையும் இருக்கிறது. தமிழனைப் பிடித்த பேய் தமிழில் பேசுகிறது. லண்டன்காரன் காதில் இங்கிலீஷில் பேசுகிறது. பிடிபட்டவனுக்குத் தெரியாத பாஷை எந்தப் பேய்க்கும் தெரிந்ததாகக் காணோம். உலகமெல்லாம் சுற்றுகிற ஆவிக்குப் படிப்பு மட்டும் பிடிபட்டவனுடைய படிப்புக்கு மேல் ஏறாதிருப்பானேன் என்று எந்தப் பக்தராவது கேட்டதுண்டா?

இதில் இந்து மதத்தை மாத்திரம் நாம் குறை சொல்லுவதாக மற்ற மதக் கனவான்கள் சந்தோஷப்பட வேண்டியதில்லை. சரக சம்ஹிதை என்னும் வைத்திய நூலே, உடம்பின் கோளாறால் வரும் பைத்தியம் ஒன்று என்றும், தேவர், கந்தர்வர், பிசாசு, பிரம்மராட்சசன் முதலானோரால் வரும் பைத்தியம் மற்றொன்று என்றும் பிரித்து வைத்திருக்கிறது. கிறிஸ்தவர்களுடைய மாற்கு சுவிசேஷத்தில் ஐந்தாம் அதிகாரத்தைப் புரட்டினால், கல்லறைகளுக்கிடையே சங்கிலியை முறித்துக்கொண்டு திரிந்த ஒருவனிடமிருந்து பேய்களை விரட்டிப் பன்றிகளுக்குள் அனுப்பியதாகவும், சுமார் 2000 பன்றிகள் கடலில் விழுந்து செத்ததாகவும் எழுதியிருக்கிறது. அந்தப் பன்றிகள் செய்த குற்றம் என்ன, பன்றிக்காரனுக்கு நஷ்டஈடு கொடுத்தது யார் என்ற விவரம் மாத்திரம் எழுதப்படவில்லை. தர்காக்களின் சங்கதிக்குப் பின்னால் வருகிறோம்.

நிற்க. ஸ்கிஸோஃப்ரீனியா என்று டாக்டர்கள் சொல்லுகிற மனச்சிதைவு நோய் உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்லுகிறார்கள். இது பெரும்பாலும் வாலிபப் பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும் நோய். பார்ப்பானுக்கும் வரும், பறையனென்று அவர்கள் தள்ளிவைத்தவனுக்கும் வரும், பாதிரிக்கும் வரும், லப்பைக்கும் வரும். இந்த நோயைத் தேடி அறிவாளிகள் எங்கே போனார்கள் என்றால், சுடுகாட்டுக்கோ புளியமரத்துக்கோ போகவில்லை. மண்டையைத் திறந்து மூளையைப் பார்த்தார்கள். பார்த்ததில் மிக விசேஷமான ஒரு சங்கதி, மூளையின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் உள்ள வித்தியாசம்.

மூளை அக்ரூட் பருப்பைப்போல இரண்டு பாதியாக இருக்கிறது. மேலுக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உடம்பின் வலப்பக்கத்தை இடப்பாதியும், இடப்பக்கத்தை வலப்பாதியும் நடத்துகின்றன. 1861-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புரோக்கா என்னும் வைத்தியரிடம் ஒரு நோயாளி வந்து சேர்ந்தான். சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். ஆனால் எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வராது. அதிகக் கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு வரும். அதுவும் கடவுள் பெயரைச் சொல்லி வைகிற வசவு! அவனுடைய வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. அவன் இறந்தபிறகு மூளையை எடுத்துப் பார்த்தபோது, இடப்பாதியின் முன்பக்கத்தில் ஓரிடம் கெட்டுப்போயிருந்தது. மேலும் பல நோயாளிகளைப் பார்த்து, 1865-ல் புரோக்கா, நாம் பேசுவது மூளையின் இடப்பாதியைக் கொண்டே என்று எடுத்துச் சொன்னார்.

நூறு வருஷத்துக்குப்பின், 1968-ல், அமெரிக்காவில் கெஷ்விண்ட், லெவிட்ஸ்கி என்ற இருவர் 100 மூளைகளை எடுத்து, காதில் விழும் பேச்சை அறிகிற இடத்தருகில் அளவுகோலை வைத்து அளந்தார்கள். 65 மூளைகளில் இடப்பக்கம் பெரிதாயிருந்தது. 11-ல் வலப்பக்கம் பெரிது. 24-ல் ஏறக்குறைய சமம். ஆகவே பெரும்பாலான மனிதருக்குப் பேச்சின் வீடு இடப்பக்கத்திலே இருக்கிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படியே.

இந்த இடத்தில் நமது வைதீகர்களை ஒரு வார்த்தை கேட்காமல் போக மனம் வரவில்லை. இடம் என்றால் இவர்களுக்கு இழிவு. மணப்பெண் வலதுகாலை எடுத்துவைக்க வேண்டும். கோயிலை வலம் வரவேண்டும். குழந்தை இடக்கையால் வாங்கினால் கையில் அடி. பிறவியிலே இடக்கைக்காரனாயிருப்பவனைப் "பீச்சாங்கையன்" என்று பரிகாசம். இது போதாதென்று ஜாதிகளையே வலங்கை, இடங்கை என்று பிரித்துக்கொண்டு, எந்தத் தெருவில் எவன் கல்யாண ஊர்வலம் போவது என்பதற்காகச் சென்னைப்பட்டணத்தில் 1707-ம் வருஷத்தில் ஊரே அல்லோலகல்லோலப்படும்படி சண்டையிட்டார்கள். இத்தனை ஆசாரத்தோடு வலக்கையால் தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொல்லுகிற புரோகிதரும் அந்த மந்திரத்தைப் பெரும்பாலும் இடப்பக்கத்து மூளையால்தானே சொல்லுகிறார்? அந்த வலக்கையை நடத்துவதும் இடப்பக்கத்து மூளைதானே? இதற்கு என்ன பிராயச்சித்தம் செய்யப்போகிறார்கள்?

இனி நோய்க்கு வருவோம். இங்கிலாந்தில் வேக்பீல்டு என்ற ஊரின் பைத்திய ஆஸ்பத்திரிக்குத் தலைவராயிருந்த கிரைட்டன் பிரவுன் என்பவர், அங்கே இறந்தவர்களின் மூளைகளைப் பாதி பாதியாக நிறுத்து 1879-ல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனுக்குக் கடைசியாக அமைந்த மேலான சக்திகள் இடப்பாதியில் இருப்பதால், சித்தம் கலங்கும்போது முதலில் அடிபடுவது அந்தப் பாதியாயிருக்கலாம் என்பது அவருடைய யோசனை. அன்று அதை உயிரோடிருக்கிறவரிடம் சோதித்துப் பார்க்க வழியில்லை. 1976-ல் லண்டன் பக்கத்து டாக்டர்கள், அப்போதுதான் புதிதாய் வந்திருந்த சி.டி. ஸ்கேன் யந்திரத்தைக் கொண்டு, நெடுநாள் மனச்சிதைவு நோயுற்ற 17 பேருடைய தலைகளைப் படமெடுத்தார்கள். மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் நோயில்லாதவர்களுக்கு இருப்பதைவிட இவர்களுக்குப் பெரிதாயிருந்தன. "மனசில்தான் கோளாறு, மூளையில் ஒன்றுமில்லை" என்று பேசிவந்தவர்களின் வாய் அத்தோடு அடங்க ஆரம்பித்தது.

அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்களில் ஒருவரான டிம் குரோ என்பவர், மனிதனுக்குப் பேச்சு வந்ததே மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பிரித்துக்கொண்டதால்தான் என்றும், அந்தப் பிரிவினை சரிவர நடவாதபோது மனச்சிதைவு நோய் உண்டாகிறது என்றும், பேச்சுக்காக மனித ஜாதி கொடுக்கிற விலையே இந்நோய் என்றும் 1997-ல் எழுதினார். பலர் செய்த ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2001-ல் பார்த்ததில், இந்நோயாளிகளுக்குள் இருகைப் பழக்கம் சற்று அதிகம் என்றும், பேச்சு இடப்பக்கம் ஒதுங்கியிருப்பது சற்றுக் குறைவு என்றும் கண்டார்கள்.

காதில் கேட்கிற குரலின் சங்கதிதான் எல்லாவற்றையும்விட ருசிகரமானது. 1993-ல் லண்டனில் 12 நோயாளிகளைக் குரல் கேட்கிற நேரத்தில் ஒரு தடவையும், கேட்காத நேரத்தில் ஒரு தடவையும் மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுத்தார்கள். குரல் கேட்ட நேரத்தில் ரத்தம் எங்கே அதிகமாகப் பாய்ந்தது? அந்தப் புரோக்கா கண்டுபிடித்த இடத்திலேயே! அதாவது, கேட்கிறதாக நினைக்கிறவனுடைய மூளையில் பேசுகிற இடமே வேலை செய்துகொண்டிருந்தது. தன் பேச்சைத் தன்னுடையதென்று அறியாமல் அந்நியனுடையதாக எடுத்துக்கொள்ளுகிறான் என்பது இதற்குச் சொல்லப்படுகிற சமாதானம். பிறகு 2008-ல் ஹாலந்து தேசத்தார் 24 பேரை இவ்விதம் பார்த்ததில், வார்த்தையை மனதுக்குள் சொல்லச் சொன்னபோது இடப்பக்கமும், குரல் கேட்டபோது அதற்கு நேரான வலப்பக்கமும் அதிகமாக வேலை செய்தன. வலப்பக்கத்துக்கு வரும் பேச்சு சிறு சிறு சொல்லாயும், வசவாயும் இருக்கக்கூடியதென்பதால் குரல்கள் நோயாளியை ஓயாமல் திட்டுவதற்கு இது காரணமாயிருக்கலாம் என்று கருதினார்கள். பாரிஸ் நோயாளியின் வாயில் மிஞ்சியிருந்த வசவை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். பேய் எங்கே உட்கார்ந்து பேசுகிறதென்பது தெரிந்துவிட்டதல்லவா? புளியமரத்திலல்ல, வலதுகாதுக்கும் இடதுகாதுக்கும் நடுவில்.

ஆனால் இவ்வளவையும் சொல்லிவிட்டு, நம் தோழர்கள் இதையே ஒரு புதுப் புராணமாக்கிவிடக் கூடாதென்று எச்சரிக்கவும் வேண்டியிருக்கிறது. 2023-ல் உலகத்தின் பல தேசத்தாரும் கூடி, நோயாளிகள் 5,080 பேர், நோயில்லாதவர் 6,015 பேருடைய மூளைப் படங்களை ஒன்றாய்ச் சேர்த்து, இடம் வலம் வித்தியாசத்தை அளந்தார்கள். வித்தியாசம் இருக்கிறது, நடுமூளையோரத்திலும் பொட்டுப் பக்கத்திலும் ஓரிரு இடங்களில் இடப்பக்கத்துப் பட்டை சற்று மெலிந்திருக்கிறது. ஆனால் அது மிக மிகச் சிறிய வித்தியாசம். ஆயிரக்கணக்கானவரைச் சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் தெரிகிறது. ஒரு தனி மனிதனுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இவன் நோயாளி, இவன் அல்ல" என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. டிம் குரோ சொன்ன விலைக் கணக்கும் இன்னும் ருசுவாகவில்லை. முன்பு சின்னக் கூட்டத்தில் பெரிதாய்த் தெரிந்தது, பெரிய கூட்டத்தில் சின்னதாகிவிட்டது. இதைச் சொன்னவர்கள் வேறு யாருமல்லர், அதே ஆராய்ச்சிக்காரர்களேதான். தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்டதாக ஒரு புராணத்தையாவது வைதீகர்கள் காட்டட்டும், பார்க்கலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறோமென்றால், மூளையின் பெயரைச் சொல்லிப் புதிய கோடாங்கிகள் கடை திறந்திருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் நமது பட்டணங்களில் "மிட்பிரெயின் ஆக்டிவேஷன்" என்று ஒரு மோசடி நடந்தது. கண்ணைக் கட்டிவிட்டால் குழந்தை புத்தகம் படிக்குமாம். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்தார்கள், அதுவும் படித்த தகப்பன்மார். துணிக்கும் மூக்குக்கும் நடுவேயுள்ள சந்தில்தான் குழந்தை பார்க்கிறதென்று கண்டுபிடிக்கப் பகுத்தறிவுக்காரர்கள் போக வேண்டியிருந்தது. "உங்கள் பிள்ளை வலதுமூளைக்காரனா இடதுமூளைக்காரனா" என்று ரேகை பார்த்துச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். உடுக்கைக்குப் பதில் கம்ப்யூட்டர்; மற்றதெல்லாம் பழைய வியாபாரமே.

வெள்ளைக்காரர்களுக்கும் இந்தப் பைத்தியம் இல்லாமலில்லை. 1948-ல் பிரீடா பிரோம் ரைக்மன் என்ற அமெரிக்க வைத்தியர், பிள்ளைக்கு இந்நோய் வரும்படி வளர்க்கிற தாய் என்று ஒருவகைத் தாய்க்குப் பெயர் சூட்டினார். அதன்பேரில் பல வருஷகாலம், பிள்ளையின் நோயோடு போராடிய தாய்மாரெல்லாம் நோய்க்குக் காரணமென்ற பழியையும் சுமந்தார்கள். நம் ஊரில் "இவள் பூர்வஜென்மத்தில் செய்த பாவம்" என்பார்கள். அங்கே "இவள் இந்த ஜென்மத்தில் வளர்த்த வளர்ப்பு" என்றார்கள். இரண்டு இடத்திலும் அகப்பட்டவள் பெண்தான். பாஷைதான் வேறு. இப்போது அங்கே அந்தப் பேச்சைப் படித்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இங்கே?

பைத்தியம் என்று எழுதும்போதே நமக்கு ஒரு உறுத்தல். மேலே நாமே அந்த வார்த்தையைப் பரிகாசமாக எழுதிவிட்டோம். மேடையில் நமது பிரசாரகர்கள் பக்தர்களைப் பார்த்துப் "பைத்தியக்காரர்கள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். நோயாளி நோயால் தவிக்கிறான். பக்தன் சோம்பலால் யோசியாதிருக்கிறான். இருவரையும் ஒரே பெயரால் அழைப்பது நோயாளிக்குச் செய்கிற அவமானம். இனி இந்தப் பத்திரிகையில் அந்த வசவு வராது.

இதெல்லாம் சரி, கோயிலிலும் தர்காவிலும் குணமாகிறார்களே என்று கேட்பார்கள். கேட்கட்டும், பதில் சொல்லுகிறோம். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. திண்டுக்கல் பக்கத்துக் கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 நோயாளிகளை வரும்போதும் போகும்போதும் சோதித்துப் பார்த்ததில், நோயின் அறிகுறி சுமார் நூற்றுக்கு 20 பங்கு குறைந்திருந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அங்கே நடந்ததென்ன? பேயோட்டவில்லை. சவுக்கு இல்லை. உறவினர் ஒருவர் கூடவே தங்குகிறார். சில வாரங்கள் சோறு, தூக்கம், சின்னச் சின்ன வேலை, யாரும் வையாத அமைதியான இடம். ஆராய்ந்தவர்களே இந்த ஆதரவான சூழ்நிலைக்குத்தான் பெருமை கொடுத்தார்கள். அன்பாய் நடத்தினால் நோயாளி தெளிவான் என்பதற்குச் சாமி எதற்கு? வீட்டிலேயே அன்பாய் நடத்தலாகாதா? அதோடு, 1952 முதல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற வைத்தியர்கள் கொடுக்க ஆரம்பித்த குளோர்ப்ரோமஸீன் முதலான மருந்துகளையும் கொடுத்தால் என்ன? மருந்து மூளையின் பாதிகளைத் திருத்துவதில்லை. எல்லோருக்கும் ஒரேமாதிரி வேலை செய்வதுமில்லை. உடம்பு பருத்தல், கை நடுக்கம் முதலான தொந்தரவுகளும் உண்டு. ஆனாலும் பெரும்பாலோருக்குக் குரலை அடக்குகிறது. நோய் தொடங்கிச் சீக்கிரத்தில் கொடுத்தால் பலன் அதிகம் என்பது கண்டறிந்த உண்மை. கோடாங்கியிடமும் தாயத்துக்காரனிடமும் கழிகிற இரண்டு மூன்று வருஷம்தான் அந்தச் சீக்கிரம்.

அன்பில்லாத சங்கிலி என்ன செய்யும் என்பதற்கு ஏர்வாடியைப் பாருங்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், தர்காவுக்கு அழைத்துவரப்பட்ட நோயாளிகளைக் காசு வாங்கிக் கட்டிவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. காலில் சங்கிலி. 28 பேர் மாண்டார்கள். அவர்கள் கனவில் உத்தரவு வரும், உத்தரவு வந்தால் விலங்கு தானே அவிழும் என்று காத்திருந்தவர்கள். தீ வந்தது, உத்தரவு வரவில்லை. அதன்பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டது. தர்காவின் பக்கத்திலேயே மருந்து கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்கிறது. சட்டம் புத்தகத்திலிருக்கிறது. சங்கிலியை இரும்புக்கடையில் இன்னும் விற்கிறார்கள். நாட்டுப்புறத்தில் மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் ஒரு மகனையோ மகளையோ கட்டி வைத்திருக்கிற வீடு இல்லையென்று எந்தத் தாலுகாக்காரராவது சத்தியம் செய்யட்டும்.

கடைசியாக, மருந்தென்று பெயர் வைத்துச் செய்கிற ஒரு அக்கிரமத்தைச் சொல்லவேண்டும். "கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் தெளிந்துவிடும்" என்பதே அது. ஜோசியன் பத்துப் பொருத்தமும் பார்த்து, நோயை மறைத்து, ஒரு பெண்ணின் கழுத்தில் அவன் கையால் தாலி கட்டவைக்கிறார்கள். அவள் என்ன மருந்துப்பொட்டலமா? நோய் பெண்ணுக்கு வந்தாலோ கதை வேறு. ஒரு மாதத்துக்குள் தகப்பன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவன் வேறு கல்யாணம் செய்துகொள்ளுகிறான். இப்படிக் கைவிடப்பட்ட நோயுற்ற பெண்களைச் சென்னையில் ஆராய்ந்து 2003-ல் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் புருஷனிடமிருந்து ஜீவனாம்சம் கிடையாது. நோயாளி என்ற பெயரைவிட வாழாவெட்டி என்ற பெயரே அவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் அதிகமாய் வருத்தியதாம். மூளையின் இரண்டு பாதியில் உள்ள கோளாறுக்கு மாத்திரை இருக்கிறது. இந்தக் கோளாறு இருப்பது மனுதர்மத்திலும் ஊர்வாயிலும்.

ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநோய் டாக்டர் பார்க்கிறார், மாத்திரை இலவசம். 14416 என்ற டெலிபோன் நம்பரில் தமிழிலேயே கேட்கலாம், அதற்கும் காசில்லை. நமது சங்கத் தோழர்கள் ஒவ்வொரு ஊரிலும் சங்கிலியில் கிடப்பவர் எவரென்று விசாரித்து, அடுத்த வாரத்துக்குள் எழுத வேண்டுகிறோம். நோயாளியின் பெயர் வேண்டாம். எந்த ஊர், எத்தனை வருஷமாக, இதுவரை எந்தெந்தச் சாமிக்கு எவ்வளவு ரூபாய் போயிற்று என்கிற கணக்கு மட்டும் போதும்.